பெரிய ஸ்டோரேஜ் ப்ராஜெக்டுக்கு எந்த பேட்டரி செல்? எல்எஃப்பி, என்எம்சி, சோடியம், 280, 314, 600க்கு மேலன்னு ஒரு ஒப்பீடு

மெகாவாட் கணக்குல பேட்டரி ஸ்டோரேஜ் போடப்போறோம், எந்த செல் எடுக்கலாம்னு யாராவது கேட்டா பேச்சு உடனே ரெண்டு எடத்துக்குத்தான் போகும், ஒண்ணு என்ன கெமிஸ்ட்ரி, அதாவது எல்எஃப்பியா (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்), என்எம்சியா (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்), சோடியமா, இன்னொண்ணு ஒரு செல் எத்தன ஆம்பியர் அவர், அதாவது எவ்வளவு சார்ஜ் கொள்ளும், 280, 314ங்கறதெல்லாம் அதுதான். ரெண்டும் பாக்க வேண்டியதுதான், நானும் பாக்கப்போறேன். ஆனா செல் வாங்குறது, டெஸ்ட் பண்றது, சைட்ல போய் கமிஷனிங் பண்றதுன்னு சில வருஷம் இதுலயே கெடந்ததுல எனக்கு மனசுல பதிஞ்சது என்னன்னா, நல்ல சிஸ்டத்த கவுக்குறது பெரும்பாலும் ஒரே பேர்ல ஒரே பெட்டில வந்த செல்லுங்களுக்குள்ள இருக்குற வித்தியாசம்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. இப்ப ரொம்பப் பரவலா ஓடுற 5 மெகாவாட் அவர் கன்டெய்னர எடுத்துக்கங்க, 20 அடி கன்டெய்னர், உள்ள 12 ரேக், ஒரு ரேக்ல 416 செல் சீரிஸ்ல, மொத்தம் 4992 செல். 314 ஆம்பியர் அவர் செல் ஒண்ணு 3.2 வோல்ட்ல 1004.8 வாட் அவர், அத 4992ஆல பெருக்கினா 5.016 மெகாவாட் அவர். இப்ப ஒரு ரேக்ல 415 செல் முழுசா 314 இருக்கு, ஒரே ஒரு செல் மட்டும் 300க்கு எறங்கிடுச்சுன்னு வைங்க. சீரிஸ்ல எல்லாத்துக்குள்ளயும் ஒரே கரன்ட்தான் ஓடும், அந்த ஒத்த செல் காலியான உடனே பிஎம்எஸ், அதாவது பேட்டரியக் கண்காணிக்குற எலக்ட்ரானிக்ஸ், டிஸ்சார்ஜ நிறுத்திடும், மத்த 415 செல்லுலயும் ஆளுக்கு 14 ஆம்பியர் அவர் வெளிய வர முடியாம உள்ளயே நின்னுடும். ஏறக்குறைய 18.6 கிலோவாட் அவர், அந்த ரேக்கோட நாலரை சதவீதம், ஒரு செல்லால போச்சு. அதனால கீழ எந்த ஆப்ஷனப் பத்திப் பேசினாலும் நான் கேக்குறது ரெண்டே கேள்விதான்: இத ஆயிரக்கணக்குல வாங்கி 20 வருஷம் ஒண்ணு போல வச்சிருக்க முடியுமா, அதுல ஒண்ணு கெட்டுப்போனா பக்கத்துல இருக்குறதுக்கு என்ன ஆகும்.

அதுக்கு முன்னாடி டூட்டி என்னன்னு தெளிவா எழுதி வச்சுக்கங்க, இத விட்டுட்டு செல் தேடப் போறவங்கதான் அதிகம். ஒரு நாளைக்கு ஒரு தடவ நெறச்சு நாலு மணி நேரம் மெதுவா காலி பண்ற சிஸ்டமும், ஃப்ரீக்வன்சி ரெகுலேஷனுக்கு நாள் முழுக்க உள்ளயும் வெளியயும் குத்திக்கிட்டே இருக்குற சிஸ்டமும் வேற வேற. மொதல்ல சொன்னது 0.25பி, அதாவது ஒரு மணி நேரத்துல மொத்த எனர்ஜில கால் பங்கு, ரெண்டு மணி நேர சிஸ்டம் 0.5பி, ஒரு மணி நேரம்னா 1பி. இங்க சின்னதா ஒரு விஷயம், கார் பேட்டரி ஆளுங்க சி ரேட்னு கரன்ட வச்சுப் பேசுவாங்க, ஸ்டோரேஜ்ல பி ரேட்னு பவர வச்சுப் பேசுவோம், ஏன்னா க்ரிட் கேக்குறது மாறாத பவர், செல் வோல்டேஜ் எறங்க எறங்க கரன்ட் ஏறிக்கிட்டே போகும், கடைசி பத்து சதவீதத்துல செல் படுற பாடு மொதல் பத்து சதவீதத்துல படுறத விட அதிகம். டேட்டாஷீட்ல 0.5பின்னு போட்டிருக்குற செல்ல 1பில ஓட்டினா ஓடும்தான், ஆனா சூடு கரன்ட்டோட ஸ்கொயர்ல ஏறும், ரெண்டு மடங்கு கரன்ட்னா நாலு மடங்கு சூடு, அப்புறம் அந்த டேட்டாஷீட்ல இருக்குற ஆயுளுக்கும் உங்க செல்லுக்கும் சம்பந்தமே கெடையாது.

சரி, கெமிஸ்ட்ரி. என்எம்சிக்கும் எல்எஃப்பிக்கும் நடந்த போட்டி பெரிய ஸ்டோரேஜ்ல முடிஞ்சுபோன மாதிரிதான், இருந்தாலும் ஏன் முடிஞ்சதுன்னு தெரிஞ்சுக்கணும், அப்பதான் எல்எஃப்பி எடுத்துட்டோம் இனி பயமே இல்லன்னு தப்பா நெனைக்க மாட்டோம். 2017ல ஆஸ்திரேலியால ஹார்ன்ஸ்டேல்ல 100 மெகாவாட், 129 மெகாவாட் அவர் பேட்டரி வந்தப்ப உலகமே திரும்பிப் பாத்துச்சு, அந்தக் காலத்துல பெரிய பேட்டரின்னா நிக்கல் கலந்த செல்தான் வழக்கம், காருக்காக ஓடிட்டு இருந்த லைன்லருந்தே ஸ்டோரேஜுக்கும் செல் வந்துச்சு. எடைக்கு நெறைய எனர்ஜி, கிலோவுக்கு 220, 250 வாட் அவர்னு சுலபமா போகும், எல்எஃப்பி 170, 180தான். ஆனா தரைல உக்காந்திருக்குற கன்டெய்னருக்கு எடை கொறஞ்சு என்ன ஆகப்போகுது? காருக்கு அது பெரிய லாபம், இங்க கொஞ்சம் எடம் மிச்சம், அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சம் எடத்துக்கு நாம குடுக்குற வெல, செல் சூடாகி கட்டுப்பாட்ட இழக்கும்போது கேத்தோடு, அதாவது செல்லோட ப்ளஸ் பக்கம், தானே ஆக்சிஜன் விடுறது. வெளிக்காத்து இல்லாமலே எரியும், அதனால அணைக்குறது ரொம்பக் கஷ்டம், பக்கத்து செல்லுக்கு வேகமாப் பரவும். எல்எஃப்பில பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுக்கிப் பிடிச்சிருக்கும், அந்தப் பிடிப்பு லேசுல விடாது, அதனால ஆரம்பிக்கவே அதிக வெப்பம் வேணும், ஆரம்பிச்சாலும் வேகம் கம்மி. 1990கள்ல டெக்சாஸ் யுனிவர்சிட்டில குட்இனஃப் குழு இந்தப் பொருள கொண்டு வந்தப்ப கரன்ட் சரியா கடத்தாதுன்னு ஒரு பெரிய குறை இருந்துச்சு, கார்பன் பூசி, துகள ரொம்பச் சின்னதாக்கி அத சரி பண்ணதாலதான் இன்னைக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கு.

2025 ஜனவரில கலிஃபோர்னியால மாஸ் லேண்டிங் பேட்டரி ஸ்டேஷன்ல 300 மெகாவாட் பகுதி எரிஞ்சது நெனவிருக்கும். பழைய பவர் பிளான்ட் கட்டடத்துக்குள்ள வரிசையா வச்ச நிக்கல் செல்லுங்க, ஊர்க்காரங்க ஆயிரம் பேருக்கு மேல வீட்ட விட்டு வெளியேறுனாங்க. அதப் பாத்துட்டு எல்லாரும் கெமிஸ்ட்ரியையே திட்டுனாங்க, ஆனா அங்க கெமிஸ்ட்ரி பாதி, மீதிப் பாதி எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சது. தனித்தனிக் கன்டெய்னரா எடைவெளி விட்டு வெளில வச்சிருந்தா ஒண்ணு ரெண்டோட நின்னிருக்க வாய்ப்பு அதிகம். 2021 ஜூலைல ஜீலாங் பக்கம் விக்டோரியன் பிக் பேட்டரில தீ வந்தப்ப ரெண்டு யூனிட் மட்டும்தான் எரிஞ்சது, அதுக்குக் காரணமும் கூலன்ட் லீக், வெளில தனித்தனியா நின்னதாலதான் அதோட போச்சு.

எல்எஃப்பிய நம்பி அசால்ட்டா இருக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 2021 ஏப்ரல்ல பீஜிங்ல ஒரு ஸ்டோரேஜ் ஸ்டேஷன்ல நடந்த விபத்து. அது எல்எஃப்பி செல்தான். ரெண்டு தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனாங்க, தீயால இல்ல, செல் வென்ட் ஆகி, அதாவது வால்வ் தெறந்து, வந்த கேஸ் சேந்து வெடிச்சதால. எல்எஃப்பி செல் கெட்டுப்போனா சட்டுனு பத்திக்காம பொகையா கக்கிட்டே இருக்கும், அந்தப் பொகைல ஹைட்ரஜன் விகிதம் அதிகம், கூடவே கார்பன் மோனாக்சைடு, எலக்ட்ரோலைட் ஆவி எல்லாம் இருக்கும், மூடின பெட்டிக்குள்ள அது சேந்துட்டா ஒரு பொறி போதும். 2019ல அரிசோனால மெக்மிக்கன்ல நிக்கல் செல் சிஸ்டத்துலயும் இதே கதைதான், கேஸ் சேந்திருந்த கன்டெய்னர் கதவத் தெறந்த பிறகு வெடிச்சு தீயணைப்புக்காரங்க பலத்த காயப்பட்டாங்க. அதனால என்எம்சிய விட எல்எஃப்பி நல்லது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா எல்எஃப்பி எடுத்தா கேஸ் சென்சார், தானா ஓடுற வென்டிலேஷன், வெடிச்சா மேல்பக்கமா தெறந்துக்குற பேனல் இதெல்லாம் இன்னும் கவனமா பாக்கணும், கொறைக்கக் கூடாது.

இந்த எடத்துல சப்ளையர் யுஎல் 9540ஏ பாஸ் ஆயிடுச்சுன்னு ஒரு பேப்பர நீட்டுவாங்க. அதுல பாஸ் ஃபெயில் கெடையாது, செல்ல வேணும்னே ரன்அவேக்கு, அதாவது சூடாகி கட்டுப்பாட்ட இழக்குற நெலமைக்கு, தள்ளி என்ன கேஸ் வருது, எவ்வளவு வருது, பக்கத்துக்குப் பரவுதான்னு எழுதுற ஒரு டெஸ்ட் முறை அது, செல், மாட்யூல், யூனிட், இன்ஸ்டலேஷன்னு நாலு படி. அந்த ரிப்போர்ட்ட முழுசா வாங்கிப் படிங்க. செல் அளவுல எத்தன லிட்டர் கேஸ், எந்த வெப்பநிலைல வென்ட் தெறந்துச்சு, மாட்யூல்ல ஒரு செல்லோட நின்னுச்சா இல்ல அடுத்தடுத்துப் போச்சா, இந்த எண்கள் இருந்தாத்தான் உங்க வென்டிலேஷன் டிசைன் பண்றவருக்கே வேல ஓடும். அட்டப் பக்கத்த மட்டும் அனுப்புற சப்ளையர் கூட நான் மேற்கொண்டு பேசுறதில்ல.

எல்எஃப்பிக்குன்னு ஒரு தனித் தலைவலி இருக்கு, அது எஸ்ஓசி, அதாவது செல்லுல எத்தன சதவீதம் சார்ஜ் இருக்குங்கற கணக்கு. டிஸ்சார்ஜ் கர்வ் நடுவுல பலகை மாதிரி தட்டையா இருக்கும், 30 சதவீதத்துலருந்து 80, 90 வரைக்கும் போனாலும் செல்லோட ரெஸ்ட் வோல்டேஜ் சில பத்து மில்லிவோல்ட்தான் மாறும். வோல்டேஜப் பாத்து எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு சொல்ல முடியாது, கரன்ட்ட எண்ணிக்கிட்டே போகணும், சென்சார்ல இருக்குற சின்னப் பிழை நாளுக்கு நாள் சேரும், அடிக்கடி முழுசா சார்ஜ் பண்ணி ஒரு முனையத் தொட்டாத்தான் கணக்கு நேராகும். வருஷக்கணக்கா 40க்கும் 70க்கும் நடுவுலயே ஆடிக்கிட்டு இருக்குற சிஸ்டத்துல ஸ்க்ரீன்ல 35 சதவீதம்னு காட்டிட்டு இருக்கும்போதே ஒரு செல் அடிமட்டத்துக்குப் போயி ரேக் ட்ரிப் ஆகுறத நேர்ல பாத்திருக்கேன். என்எம்சில இந்தப் பிரச்சன ரொம்பக் கம்மி, வோல்டேஜ் சாய்வா எறங்கும், நேர்மையா சொன்னா அந்த ஒரு விஷயத்துல அது நல்ல செல். எல்எஃப்பி எடுக்குறவங்க மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ முழு சார்ஜுக்கு நேரம் குடுக்குற மாதிரி ஆப்பரேஷன் பிளான்லயே எழுதிடணும், கான்ட்ராக்ட்ல எடமில்லன்னு அப்புறம் சொல்லக் கூடாது.

இப்ப சைஸ் சண்டைக்கு வருவோம், இதுலதான் இப்போதைக்கு சூடு அதிகம். 280 ஆம்பியர் அவர் செல் ஏறக்குறைய 72 மில்லிமீட்டர் தடிப்பு, 174 அகலம், 207 உயரம், ஐந்தரைக் கிலோ பக்கம். அதே டப்பாக்குள்ள எலக்ட்ரோட இன்னும் அடர்த்தியா அடச்சு 314 ஆக்குனாங்க, வெளி அளவு மாறல. இந்த அளவு மாறாததுதான் என்னப் பொறுத்தவரைக்கும் இந்த செல்லோட பெரிய பலம், பல கம்பெனி ஒரே சைஸ்ல பண்றாங்க, ஒருத்தர் லேட் பண்ணா, இல்ல பத்து வருஷம் கழிச்சு கடையே மூடிட்டா இன்னொருத்தர்கிட்ட போக வழி இருக்கு. டெர்மினல் எடம், வால்வ் எடம் இதெல்லாம் கொஞ்சம் மாறும், சரிபாக்கணும், ஆனா அடிப்படை ஒண்ணுதான்.

500, 587, 628, 1000க்கும் மேலன்னு இப்ப வர்றதுல ஒவ்வொருத்தரும் ஒரு சைஸ் வச்சிருக்காங்க. லாபம் உண்மையானது, மறுக்கல, 628ன்னா ஒரு செல்லே 2 கிலோவாட் அவர், அதே எனர்ஜிக்குப் பாதி செல், பாதி வெல்டிங், பாதி வோல்டேஜ் வயர், பிஎம்எஸ் சேனலும் பாதி. தப்பு நடக்க எடம் கொறயும், அது நல்லதுதான். மறுபக்கம் சூடு செல்லோட முழு உடம்புலயும் பிறக்குது, வெளிய போறது தோல் வழியா மட்டும், அதுவும் பெரும்பாலும் அடியில இருக்குற கோல்ட் பிளேட் வழியா. செல் பெருக்கப் பெருக்க நடுவுல இருக்குற லேயருக்கும் ஓரத்துக்கும் வெப்ப வித்தியாசம் கூடும், அப்ப ஒரே செல்லுக்குள்ளயே ஒரு பாதி வேகமாவும் இன்னொரு பாதி மெதுவாவும் வயசாகும், வெளில இருக்குற ஒரு சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. நான் மொதல்ல சொன்ன செல்லுக்கு செல் வித்தியாசம் இப்ப செல்லுக்குள்ளயே போயிடுது, பிஎம்எஸ்ஸால கை வைக்க முடியாத எடம் அது. கெட்டுப்போனாலும் ஒரே நேரத்துல வெளிய வர்ற எனர்ஜியும் கேஸும் ரெண்டு மடங்கு. 0.25பில ஓடுற நாலு மணி நேர சிஸ்டம்னா சூடு கம்மி, பெரிய செல் தாங்கும், அதுக்கு எடுக்கலாம்னுகூட சொல்வேன். ரெண்டு மணி நேர சிஸ்டத்துக்கு, அதுவும் வெயில் அதிகமான எடத்துக்கு, இப்போதைக்கு அகலக் கால் வைக்க வேண்டாம்.

பெரிய செல்லுல நான் தயங்குறதுக்கு இன்னொரு காரணம் வெறும் காலண்டர் கணக்கு. டேட்டாஷீட்ல 8000 சைக்கிள், 10000 சைக்கிள்னு போட்டிருக்கும். 0.5பில ஒரு சைக்கிளுக்கு சார்ஜ் ரெண்டு மணி, டிஸ்சார்ஜ் ரெண்டு மணி, நடுவுல ரெஸ்ட், ஆக ஒரு நாளைக்கு அஞ்சு சைக்கிள்தான் போட முடியும். 8000 போட 1600 நாள், நாலு வருஷத்துக்கு மேல. போன வருஷம் வந்த செல் மாடலுக்கு 8000 சைக்கிள்னு எழுதியிருந்தா அது ஓட்டிப் பாத்த எண்ணா இருக்கவே முடியாது, 1500, 1800 சைக்கிள் வரைக்கும் ஓட்டிட்டு கோட்ட நீட்டி வரைஞ்சது. அப்படி வரையிறது தப்புன்னு சொல்லல, எல்லாரும் அதான் செய்றாங்க, ஆனா எதுவரைக்கும் நெஜமான புள்ளி, எங்கருந்து வரைஞ்ச கோடுன்னு கேட்டு வாங்குங்க. நல்ல கம்பெனி காட்டுவாங்க. 280 செல் பல வருஷமா ஃபீல்டுல ஓடிட்டு இருக்கு, அதுக்கு நெஜமான புள்ளிகள் இருக்கு, அந்த ஒரு விஷயத்துக்காகவே சில ப்ராஜெக்ட்ல 314ஐ விட்டு 280ஏ போதும்னு சொல்லியிருக்கேன்.

அந்த சைக்கிள் டெஸ்ட் எந்த நெலமைல நடந்ததுன்னும் பாருங்க. 25 டிகிரி, செல்ல ரெண்டு தகட்டுக்கு நடுவுல வச்சு 300 கிலோ விசைல அமுக்கி, கெப்பாசிட்டி 70 சதவீதத்துக்கு எறங்குறவரைக்கும்னு சின்ன எழுத்துல இருக்கும். எல்எஃப்பி செல் வயசாக ஆக வீங்கும், அமுக்கம் இல்லன்னா லேயருங்க ஒண்ண விட்டு ஒண்ணு வெலகி ஆயுள் கொறயும், அதிகமா அமுக்கினா செபரேட்டர் நசுங்கும். உங்க பேக் கட்டுறவர் அந்த அமுக்கத்த ஆரம்பத்துலயும், வீங்கின பிறகும் எப்படி வச்சிருக்கார்னு கேளுங்க, பதில் சொல்லத் திணறினா டேட்டாஷீட் ஆயுள் உங்க பேக்குக்குப் பொருந்தாது. வெப்பமும் அப்படித்தான், 10 டிகிரி கூடினா சும்மா வச்சிருக்கும்போதே ஆகுற தேய்மானம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு ஒரு தோராயக் கணக்கு வச்சிருப்போம். ஒரு நாளைக்கு ஒரு சைக்கிள்னா 20 வருஷத்துக்கு 7300தான், பல சிஸ்டத்துல சைக்கிள் தீர்றதுக்கு முன்னாடி காலண்டரே செல்ல முடிச்சிடும், அப்ப 12000 சைக்கிள் செல்லுக்குக் கூடுதலா குடுக்குறதுக்கு அர்த்தமே இல்ல, அந்தப் பணத்த கூலிங்ல போடுங்க.

எஃபிஷியன்சிய யாரும் ரொம்பக் கண்டுக்குறதில்ல, ஒரு வரி சொல்லிடுறேன். ஒரு செல் 95 சதவீதம், இன்னொண்ணு 94ன்னா ஒரு சதவீதம்தானேன்னு விட்டுடாதீங்க, 5 மெகாவாட் அவர் கன்டெய்னர்ல தெனம் 50 கிலோவாட் அவர், வருஷத்துக்கு 18000க்கு மேல, அத்தனையும் சூடா மாறி அத வெளிய தள்ள சில்லர் தனியா கரன்ட் சாப்பிடும்.

சோடியம் அயனப் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. எனக்கும் அது மேல ஆச உண்டு. லித்தியம் வேணாம், ரெண்டு பக்கமும் அலுமினியம் ஃபாயிலே போதும், செம்பு தேவையில்ல, பூஜ்ஜியம் வோல்ட் வரைக்கும் எறக்கி பத்திரமா ஏத்தி அனுப்பலாம், குளிர்ல எல்எஃப்பி சார்ஜ் எடுக்கவே பயப்படுற வெப்பநிலைல இது தைரியமா வேல செய்யும். 2024ல சீனால ஹூபேய்ல 50 மெகாவாட், 100 மெகாவாட் அவர் சோடியம் ஸ்டேஷன் ஓட ஆரம்பிச்சுது, லேப் சமாச்சாரம்னு இனி ஒதுக்க முடியாது.

ஆனா வோல்டேஜ் விஷயத்த யாரும் பேச மாட்டேங்குறாங்க. எல்எஃப்பி 2.8லருந்து 3.6 வரைக்கும் ஆடும், 416 செல்லுக்கு 1165லருந்து 1498 வோல்ட், 1500 வோல்ட் எல்லைக்குள்ள அழகா ஒக்காரும். டேட்டாஷீட்படி 3.65 வரைக்கும் போனா 1518 ஆயிடும்ங்கறதாலதான் 3.6லயே நிறுத்துறாங்க. சோடியம் செல் ஏறக்குறைய 3.95லருந்து 2 வோல்ட், சிலது 1.5 வரைக்கும் எறங்கும். மேல 1500க்குள்ள அடங்கணும்னா 379 செல்தான் வைக்கலாம், கீழ 2 வோல்ட்ல அது 758. பிசிஎஸ், அதாவது பேட்டரியோட டிசிய க்ரிட்டுக்கு ஏசியா மாத்துற இன்வெர்ட்டர், வெளில 690 வோல்ட் ஏசி குடுக்குதுன்னா அதோட உச்சம் 976 வோல்ட், டிசி பக்கம் அதுக்குக் கீழ போனா சாதாரண பிசிஎஸ்ஸால அந்த ஏசிய உருவாக்க முடியாது. அதாவது செல் 2.57 வோல்ட்டுக்குக் கீழ போனதும் மீதி இருக்குற சார்ஜ் செல்லுலயே தங்கிடும், இல்லன்னா நடுவுல டிசி டிசி கன்வெர்ட்டர் போடணும், இல்ல ஏசி வோல்டேஜக் கொறச்சு பெரிய கரன்டுக்கு பிசிஎஸ் வாங்கணும். டேட்டாஷீட்ல இருக்குற வாட் அவர் முழுசும் கெடைக்காது, அப்ப ஒரு கிலோவாட் அவருக்கு என்ன செலவுன்னு நீங்க போட்ட கணக்கே மாறிடும். சோடியம் எடுக்கணும்னா செல்லோட பிசிஎஸ்ஸையும் சேத்துத்தான் முடிவு பண்ணணும், எல்எஃப்பிக்கு வாங்கின இன்வெர்ட்டர்ல மாட்டிக்கலாம்னு நெனச்சு எறங்கினா ஆழம் தெரியாம கால விட்ட கதைதான். கடுங்குளிர் எடம், இல்ல கத்துக்குறதுக்காக சின்னதா ஒரு பிளாக், இந்த ரெண்டுக்கும் நான் சரின்னு சொல்வேன். எஸ்ஓசி விஷயத்துல ஒரு போனஸும் இருக்கு, கர்வ் சாய்வா எறங்குறதால சார்ஜ் அளவு துல்லியமா தெரியும்.

மத்தது சுருக்கமா. எல்டிஓ (லித்தியம் டைட்டனேட்) அருமையான செல், பத்தாயிரக்கணக்குல சைக்கிள், ஆனா 2.3, 2.4 வோல்ட்தான், எனர்ஜி பாதிக்கும் கம்மி, நிமிஷக்கணக்குல பவர் வேணும்ங்கற எடத்தத் தவிர வேற எங்கயும் கணக்கு வராது. கார்லருந்து கழட்டின பழைய செல், நல்ல எண்ணம்தான், ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற வாழ்க்க வாழ்ந்துட்டு வந்தது, ஒண்ணு போல வச்சுக்கறதுதான் நம்ம முழுப் பிரச்சனையேன்னு சொல்லிட்டு அதையே கேட்டு வாங்குறதுல எனக்கு உடன்பாடில்ல. வனேடியம் ஃப்ளோ செல்லே வேற ரகம், டேங்கப் பெருசாக்கினா நேரம் கூடும், தாலியன்ல 400 மெகாவாட் அவர்ல 2022லயே வந்துடுச்சு, எட்டு பத்து மணி நேரம் வேணும்ங்கறவங்க தனியா ஒக்காந்து பாக்க வேண்டியது.

இப்ப என் மனசுக்கு நெருக்கமான எடத்துக்கு வரேன், லாட், அதாவது ஒரே சமயத்துல சேந்து தயாரான செல் கூட்டம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க, செல்லுல அது செல்லாது. சப்ளையர் டெஸ்டுக்கு அனுப்புற எட்டுப் பத்து செல் எப்பவுமே நல்லாத்தான் இருக்கும், பொறுக்கி எடுத்து அனுப்பினதுதானே. ஒரு ப்ராஜெக்ட்ல நாங்க அப்படித்தான் ஏமாந்தோம், சாம்பிள் எல்லாம் பெயர்ப்பலகை கெப்பாசிட்டிக்கு மேல, ரெசிஸ்டன்ஸ் எல்லாம் ஒண்ணு போல, கையெழுத்துப் போட்டோம். வந்த செல்லும் ஒவ்வொண்ணா பாத்தா கெப்பாசிட்டி பாஸ்தான். ஆனா ரெண்டு வேற மாசத்துல தயாரான லாட்ட ஒரே ரேக்ல கலந்து கட்டியிருந்தாங்க, ஒரு லாட்டோட தானா எறங்குற வேகம் இன்னொண்ண விட அதிகம். மொத நாள் எதுவும் தெரியல, ரெண்டு மாசம் தெரியல, அஞ்சாவது மாசம் பாத்தா சில ரேக் டிஸ்சார்ஜ் முடியுறதுக்கு ரொம்ப முன்னாடியே கட் ஆக ஆரம்பிச்சுது. பாசிவ் பேலன்சிங், அதாவது சார்ஜ் அதிகம் இருக்குற செல்லுலருந்து கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு சமமாக்குறது, அதோட கரன்ட் சின்னது, 300 ஆம்பியர் அவர் செல்லுல சில சதவீத வித்தியாசத்த சரிபண்ண நாள்கணக்குல ஆகும், அதுக்குள்ள அடுத்த வித்தியாசம் சேந்துடும். ராத்திரி பகலா ஆளுங்க ஒவ்வொரு பேக்கா கழட்டி தனியா சார்ஜ் பண்ணாங்க, அந்த உழைப்ப நெனச்சா இப்பவும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. டேட்டாவ மொதல்லயே கேட்டிருந்தா அத்தனையும் தவிர்த்திருக்கலாம்.

கேட்க வேண்டியது இதுதான், ஒவ்வொரு செல்லுக்கும், ஆமா ஒவ்வொண்ணுக்கும், க்யூஆர் நம்பரோட கெப்பாசிட்டி, ஓசிவி (கரன்ட் ஓடாதப்ப இருக்குற வோல்டேஜ்), ஒரு கிலோஹெர்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ், கே வேல்யூ, தயாரிச்ச தேதி எல்லாம் இருக்குற ஃபைல். கே வேல்யூன்னா செல்ல சும்மா வச்சா ஒரு நாளைக்கு எத்தன மில்லிவோல்ட் எறங்குதுன்னு சொல்றது, உள்ள நுண்ணிய ஷார்ட் இருந்தா மொதல்ல காட்டிக்குடுக்குறது அதுதான். ஃபாக்டரில இந்த எண்கள் எல்லாம் ஏற்கனவே எடுத்ததுதான், கிரேடிங் அத வச்சுத்தான் பண்றாங்க, அதனால இல்லன்னு சொன்னா குடுக்க விருப்பமில்லன்னு அர்த்தம். ஃபைல் வந்ததும் சராசரியப் பாக்காதீங்க, வாலப் பாருங்க, மிகக் கம்மியான 50 செல் எங்க இருக்கு, எந்த ரேக்ல போகப்போகுது. க்யூஆர் சுரண்டியிருந்தா, மேல புது உறை போட்டிருந்தா அது ஏ கிரேடுன்னு யார் சொன்னாலும் எறக்காதீங்க. டெலிவரில வர்ற பெட்டிங்கள்லருந்து நீங்களே பொறுக்கி, சப்ளையர் பொறுக்கினது இல்லாம, தனி லேப்ல கெப்பாசிட்டி ஓட்டுங்க. நீல உறை கிழிஞ்சிருக்கா, கேனுக்கும் டெர்மினலுக்கும் இன்சுலேஷன் சரியா இருக்கான்னும் பாக்கணும், 1500 வோல்ட் ஸ்டிரிங்ல ஒரு கிழிசல் போதும் இன்சுலேஷன் அலாரம் ஓயாம அடிக்க.

வாரன்டி பேப்பர்ல எழுபது சதவீதம் 20 வருஷம்னு பெருசா எழுதியிருக்கும், அத எங்க அளக்குறாங்கன்னு பாருங்க, செல்லுலயா, டிசி பஸ்லயா, ஏசி மீட்டர்லயா, மூணும் வேற எண்கள். சராசரி வெப்பநிலை, வருஷத்துக்கு இவ்வளவு எனர்ஜிதான் ஓட்டணும், நெறஞ்ச சார்ஜ்ல இவ்வளவு நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது, இப்படி நிபந்தனை இருக்கும், அத நீங்க மீறலன்னு நிரூபிக்க செல் அளவுல டேட்டா சேத்து வைக்கணும், அந்த டேட்டா உங்க கைல இருக்கணும், சப்ளையரோட சர்வர்ல மட்டும் இருந்தா சண்டைன்னு வரும்போது ஒண்ணும் பண்ண முடியாது. நிறைய செல் கப்பல் ஏறின தேதிலருந்தே வாரன்டி எண்ண ஆரம்பிச்சிடும், சைட் ரெடியாகாம ஆறு மாசம் குடோன்ல கெடந்தா அதுவும் கழிஞ்சுடும்.

ஆக ரெண்டு மணி நேரம், தெனம் ஒண்ணு ஒண்ணரை சைக்கிள், சாதாரண எடம்னு ஒரு ப்ராஜெக்ட் என் கைல வந்தா நான் எடுக்குறது 314 எல்எஃப்பி, மூணு வருஷமாவது அதே லைன்ல ஓடின கம்பெனி, ஒரு ரேக்குக்கு ஒரே லாட்னு கான்ட்ராக்ட்ல எழுதி. வெயில் ரொம்ப அதிகம், ஃபைனான்ஸ் பண்றவங்க ஃபீல்டு ஆதாரம் கேக்குறாங்கன்னா 280. நாலு மணி நேரத்துக்கு மேல, எடம் ரொம்ப நெருக்கம்னா 500க்கு மேல இருக்குறதப் பாப்பேன், ஆனா அதே சைஸ்ல இன்னொரு கம்பெனி செல் கெடைக்கும்னு தெரிஞ்சாத்தான். கெப்பாசிட்டி கொறஞ்ச பிறகு புதுசா சேக்குறதயும் இப்பவே யோசிச்சுடுங்க, பழைய ரேக்குக்குள்ள புது செல்ல கலக்கவே கூடாது, தனி பிசிஎஸ்ஸோட ஏசி பக்கத்துல சேக்க எடமும் ட்ரான்ஸ்ஃபார்மர்ல மிச்சமும் விட்டு வச்சா ஏழு வருஷம் கழிச்சு எந்த கெமிஸ்ட்ரி மலிவோ அதக் கொண்டுவந்து வைக்கலாம், அது சோடியமா இருந்தாலும் சரி.

ஸ்பேர் செல் வாங்க மறந்துடாதீங்க. அதே லாட்லருந்து நூத்துக்கு ஒண்ணாவது, பாதி சார்ஜ்ல, 25 டிகிரிக்கு மேல போகாத ரூம்ல, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வோல்டேஜ் பாத்து எழுதி வச்சு. மூணாவது வருஷம் ஒரு செல் மாத்த வேண்டி வரும்போது அந்த ரேக்ல இருக்குறதுங்களோட ஏறக்குறைய சேந்தே வயசான ஒண்ணு கைல இருக்கணும்.